தடவிப் பார்த்துதான் வாங்க வேண்டும்!

சேலை வாங்கப் போனால் தோளில் போட்டுப் பார்க்கிறோம். செருப்பு வாங்கப் போனால் கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்க்கிறோம். மாம்பழக் கடையில் கூட ஒரு கீற்று அறுத்துக் கொடுப்பார்கள். ஆனால் முகத்துக்குப் பூசும் க்ரீம்? டப்பா மூடியைத் திருகினாலே கடைக்காரர் முறைப்பார். காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து பூசினால்தான் அது ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்பதே தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் காசும் போச்சு, சில சமயம் முகமும் போச்சு.

சாதாரண க்ரீமுக்கே இந்தப் பாடு. அப்படியென்றால் ஆயிரக்கணக்கில் விலை போட்ட உயர்ரக க்ரீமையும் ஃபவுண்டேஷனையும் ஒருவர் எதை நம்பி வாங்குவார்? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர்கள்தான் இந்த வியாபாரத்தில் ராஜாக்களாகவும் ராணிகளாகவும் ஆனார்கள். அதே நேரம், கடையில் தடவிப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பு கிடைத்ததா என்று கேட்டால், அது இன்னொரு கதை. இரண்டையும் பார்ப்போம்.

முகமே சோதனைச்சாலை

18ஆம் நூற்றாண்டு லண்டனில் பேரழகி என்று பெயர் எடுத்தவர் மரியா, கவன்ட்ரி பிரபுவின் மனைவி. அன்றைய பணக்காரப் பெண்கள் முகத்தை வெள்ளையாக்கப் பூசியது ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பூச்சு. ஈயம் விஷம். பூசப் பூசத் தோல் கெடும், அதை மறைக்க இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசுவார்கள்! மரியா 1760இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பூச்சுதான் அவரைக் கொன்றது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

அது பழங்காலம், அறியாமை என்று விட்டுவிட முடியாது. 1930களில் பாரிஸில் 'தோ-ராடியா' என்று ஒரு க்ரீம் வந்தது. ரேடியமும் தோரியமும் கலந்தது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். தயாரித்தவர்களில் ஒருவர் பெயர் ஆல்ஃப்ரெட் க்யூரி. மேரி க்யூரி குடும்பத்துக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் வாங்குபவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அதே காலத்தில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்றது. போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை போனது, ஓர் உயிரும் போனது. அந்தப் பொருளைக் கடையிலிருந்து எடுக்கச் சொல்ல அரசாங்கத்திடம் சட்டமே இல்லை! உணவு, மருந்துத் துறை அதிகாரிகள் வேறு வழியில்லாமல் இப்படிப்பட்ட பொருட்களையும் பாதிக்கப்பட்டவர்களின் படங்களையும் வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். 1938இல்தான் அழகுசாதனங்களையும் சேர்த்து சட்டம் வந்தது. அதுவும் விற்பதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆக, புதிதாக ஒன்றைப் பூசிப் பார்க்கும் ஒவ்வொரு பெண்ணும் தன் முகத்தைப் பணயம் வைத்துத்தான் பார்த்தாள். விலை அதிகம் என்பது எந்தக் காலத்திலும் பாதுகாப்புக்கு உத்தரவாதமாக இருந்ததில்லை.

விலையே விளம்பரம்

ஆனால் விலை அதிகம் என்றால் நம்பிக்கையும் அதிகம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஹெலனா ரூபின்ஸ்டைன். போலந்தின் க்ராக்கோவில் பிறந்து, ஆஸ்திரேலியா போய், 1900களின் தொடக்கத்தில் மெல்பர்னில் கடை திறந்தவர். அவருடைய 'வலாஸ்' க்ரீம் கார்பேதியன் மலை மூலிகையில் செய்தது என்று விளம்பரம். ஆஸ்திரேலியாவில் மலிவாகக் கிடைத்த, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்ற கொழுப்புதான் அதில் முக்கியச் சரக்கு. ஆனால் ஆட்டுக் கொழுப்பு என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? :)

அம்மணியின் வியாபார மூளைக்கு இன்னொரு உதாரணம். 1928இல் தன் அமெரிக்கக் கம்பெனியை லேமன் பிரதர்ஸுக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்த வருடமே பங்குச்சந்தை சரிந்தது. விற்ற விலையில் கால் பங்குக்கும் குறைவாகக் கொடுத்து கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்!

அவருக்குப் போட்டி எலிசபெத் ஆர்டன். 1910இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் கடை திறந்தவர். இரண்டு பேரும் ஒரே ஊரில் பல வருடம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வியாபாரம் செய்தார்கள், நேரில் சந்தித்ததே இல்லை என்பார்கள். இவர்களுடைய கடைக்கு உள்ளே போனால் நாற்காலியில் உட்கார வைத்து முகத்துக்கு உபசாரம் செய்வார்கள். அதாவது தடவிப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் அளவுக்கு வசதி இருக்க வேண்டும்.

சினிமாவிலிருந்து வந்த அஸ்திவாரம்

ஃபவுண்டேஷன் என்றால் அஸ்திவாரம். முகத்தில் மற்ற மேக்கப்பெல்லாம் ஏறுவதற்கு முன் போடும் அடித்தளம். இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மேக்ஸ் ஃபேக்டர். போலந்தில் பிறந்து, 1904இல் அமெரிக்கா வந்து, ஹாலிவுட்டில் மேக்கப் மன்னர் ஆனவர்.

நாடக மேடைக்கு என்று இருந்த கெட்டிப் பூச்சு சினிமா கேமரா முன்னால் வெடித்து விரிசல் விட்டது. 1914இல் அவர் மெல்லிய க்ரீம் போன்ற பூச்சு தயாரித்தார். பிறகு கலர் சினிமா வந்தது. எண்ணெய்ப் பூச்சு பளபளத்து, பக்கத்தில் இருக்கும் நிறத்தையெல்லாம் முகத்தில் காட்டியது. அதற்காக அவர் கம்பெனி உருவாக்கியதுதான் 'பேன்கேக்'. ஈர ஸ்பாஞ்சில் தொட்டுப் பூசும் வில்லை. 1937இல் ஒரு ஹாலிவுட் படத்தில் பயன்படுத்தினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் நடிகைகள் வில்லைகளை வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார்கள் என்பது பிரபலமான கதை. நடிகைகளே இப்படி என்றால் மற்றவர்கள் விடுவார்களா? 1938இல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது, சக்கைப்போடு போட்டது. மேக்ஸ் ஃபேக்டர் அதே வருடம் இறந்துபோனார்.

நம்ம சென்னைக்கும் இந்தப் பேன்கேக் வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பேன்கேக் எவ்வளவு ஏராளமாக வந்து இறங்கியது என்று தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் அதைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இலவசமாகக் கொடுத்தே பணக்காரர் ஆனவர்

இப்போது கதையின் நாயகிக்கு வருவோம். எஸ்டே லாடர். 1908இல் நியூயார்க்கில் பிறந்தவர். மாமா ஒரு வேதியியலாளர், வீட்டில் க்ரீம் காய்ச்சுவார். எஸ்டே அதை எடுத்துக்கொண்டு அழகு நிலையங்களுக்குப் போவார். தலைமுடி காய வைக்கும் இயந்திரத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போய், கொஞ்சம் முகத்தில் தடவட்டுமா என்று கேட்பார். எழுந்து ஓடவா முடியும்? தடவிவிட்டு, போகும்போது கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். காசு வேண்டாம்.

1946இல் கணவர் ஜோசப்புடன் கம்பெனி தொடங்கினார். ஒரு பழைய உணவகத்தின் சமையலறைதான் தொழிற்சாலை. சில காலத்துக்குள் சாக்ஸ் என்ற பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர் 800 டாலருக்கு ஆர்டர் கொடுத்தது, சரக்கு இரண்டே நாளில் தீர்ந்தது. பிறகு கையில் இருந்த 50,000 டாலரை எடுத்துக்கொண்டு விளம்பரக் கம்பெனிக்குப் போனார்கள். இது எந்த மூலைக்கு என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் சாம்பிள் தயாரித்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார் எஸ்டே. போட்டியாளர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அதையே செய்தார்கள்!

இதன் கணக்கு எளிது. இப்படிப்பட்ட க்ரீமில் விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதனால் ஒரு சாம்பிளுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் அதைக் கையில் வாங்கியவர் மனதில் ஒரு கடன் ஏறுகிறது. கல்யாண வீட்டில் மொய் வாங்கியவர்களுக்கு இது விளக்கவே வேண்டாம். ஒருநாள் திருப்பிச் செய்தே ஆக வேண்டும்!

முதலில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய அதே கம்பெனி, 1950களின் பிற்பகுதியில் 115 டாலர் விலையில் 'ரீ-நியூட்ரிவ்' க்ரீமை விற்றது. ஒரு க்ரீமுக்கு ஏன் இந்த விலை என்ற கேள்வியையே விளம்பரமாகப் போட்டார்கள். 1968இல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு 'க்ளினிக்' பிராண்டைத் தொடங்கி, அலர்ஜி சோதனை செய்த பொருள் என்று விற்றார்கள். லாஷ் லூர் காலத்துப் பயம் முப்பது வருடம் கழித்து ஒரு நல்ல வியாபாரமாக மாறியது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு தாராளமாகத் தடவிப் பார்க்கச் சொன்ன கவுண்டரில், கறுப்பினப் பெண் ஒருவர் போய் நின்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அவர் நிறத்துக்கு அங்கே ஒன்றுமே இருக்காது.

சோமாலியாவிலிருந்து வந்த மாடல் இமான். 1970களின் நடுவில் அமெரிக்க வோக் பத்திரிகைக்குப் படமெடுக்கப் போனார். மேக்கப் கலைஞர் அவரிடம், உங்கள் ஃபவுண்டேஷனை நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மாடலிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. இருந்ததை வைத்து அவருக்குப் பூசியபோது முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆனது. அதன் பிறகு கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கி, தானே கலந்து, தன் நிறத்துக்கு வரும்வரை பூசிப் பார்த்து, கையோடு கொண்டுபோக ஆரம்பித்தார் இமான். உலகப் புகழ் பெற்ற மாடலுக்கே இந்த நிலை என்றால் சாதாரணப் பெண்கள்?

வாங்க ஆள் இல்லையா என்றால் அதுவும் இல்லை. 1900 வாக்கிலேயே ஆன்டனி ஓவர்டன் என்ற கறுப்பின வியாபாரி 'ஹை பிரவுன்' முகப் பவுடர் விற்றுக் காட்டியிருக்கிறார். ஆனால் பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரியில் இடம் கிடைக்கவில்லை. கம்பெனிகள் சொன்ன காரணம், விற்காது என்பது. ஒவ்வொரு நிறமும் தனிச் சரக்கு, தனி முதலீடு, தனி அலமாரி இடம். விற்காது என்று வைக்கவில்லை. வைக்காததால் யாரும் வாங்கவில்லை. யாரும் வாங்காததால் விற்காது என்பது நிரூபணம் ஆகிவிட்டது! கணக்குப் பார்த்தால் சரியாக இருக்கும், ஆனால் முதல் வரியே தப்பு.

இதை உடைத்தவர் யூனிஸ் ஜான்சன். 'எபனி' பத்திரிகையை நடத்திய ஜான்சன் குடும்பம். 1958 முதல் ஊர் ஊராக ஃபேஷன் ஷோ நடத்தி வந்தார்கள். மேடைக்குப் பின்னால் மாடல்கள் இரண்டு மூன்று ஃபவுண்டேஷன்களைக் கலந்து தங்கள் நிறத்துக்குக் கொண்டுவருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய கம்பெனிகளிடம் போய், இவர்களுக்கு ஏற்றாற்போல் தயாரியுங்கள் என்று கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. 1973இல் அவர்களே 'ஃபேஷன் ஃபேர்' என்ற பிராண்டைத் தொடங்கி, பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களில் கவுண்டர் வாங்கி உட்கார்ந்தார்கள். கடைக்கு வந்த கறுப்பினப் பெண்கள் தங்கள் முகத்துக்கான ஃபவுண்டேஷனை நாற்காலியில் உட்கார்ந்து பூசிப் பார்த்து வாங்கினார்கள். 1975இல் ரெவ்லானும் கறுப்பினப் பெண்களுக்கென்று தனி வரிசை கொண்டுவந்தது. விற்காது என்ற பேச்சு இரண்டே வருடத்தில் காணாமல் போனது. 1994இல் இமானும் தன் பெயரிலேயே ஒரு பிராண்டு தொடங்கினார்.

திறந்த அலமாரி

இன்னொரு மாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. டொமினிக் மாண்டொனோ என்ற வியாபாரி, விற்பனைப் பெண்ணிடம் கேட்டு வாங்கும் முறையை விட்டுவிட்டு, வாடிக்கையாளரே எடுத்துப் பூசிப் பார்க்கும்படி கடை வைத்தார். அதுதான் பின்னாளில் செஃபோரா ஆனது. 1997இல் எல்விஎம்ஹெச் அதை வாங்கியது, 1998இல் நியூயார்க்கிலும் கடை திறந்தது. யார் முகத்தையும் பார்த்துத் தயங்க வேண்டாம், நீயே எடு, நீயே தடவு.

ஆனால் அலமாரி திறந்திருந்தால் போதாதே, அதில் சரக்கும் இருக்க வேண்டும். 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானா 'ஃபென்டி பியூட்டி'யை 40 ஷேட் ஃபவுண்டேஷனுடன் தொடங்கினார். பல கடைகளில் அடர்ந்த நிறங்கள்தான் முதலில் தீர்ந்தன. மற்ற கம்பெனிகளும் அவசர அவசரமாகத் தங்கள் ஷேட் எண்ணிக்கையைக் கூட்டின. யூனிஸ் ஜான்சன் 1973இல் நிரூபித்ததை 44 வருடம் கழித்து மறுபடி ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

2020இல் கொரோனா வந்ததும் கடைகளில் பூசிப் பார்க்கும் சாம்பிள்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் திரையிலேயே மேக்கப் போட்டுக் காட்டும் மென்பொருள் பிரபலமானது. லோரியல் அப்படிப்பட்ட 'மோடிஃபேஸ்' கம்பெனியை 2018லேயே வாங்கி வைத்திருந்தது. அமெரிக்காவும் 1938க்குப் பிறகு 2022இல்தான் அழகுசாதனச் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியது. அதன்படி கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் கம்பெனி அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

திரை நிறத்தைக் காட்டும். ஆனால் அரிக்குமா, எரியுமா என்று காட்டாது. அதற்கு இன்றைக்கும் பழைய வழிதான். புதிய க்ரீமை முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிச் சில நாள் பார்க்க வேண்டும். ஃபவுண்டேஷனைக் கையில் அல்ல, தாடை ஓரத்தில் தடவி, கடை விளக்கை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறம் தோலோடு கரைந்து காணாமல் போனால் அது சரியான ஷேட். அப்படி ஒன்று அந்தக் கடையில் இல்லை என்றால், குறை முகத்தில் இல்லை, கடையில்தான்!