மறைவில் எழுதப்பட்ட மதிப்பெண்

அரசு ஊழியரின் வாழ்வை இரு ஏடுகள் சுமந்து வந்தன. நியமனம், ஊதியம், விடுப்பு ஆகியவற்றைக் கூறும் பணிப்பதிவேடு ஒன்று. மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தண அறிக்கை மற்றொன்று. பின்னதைப் பாதகக் குறிப்பு இருந்தாலன்றி உரியவருக்குத் தெரிவிக்கும் வழக்கம் நெடுங்காலம் இல்லை.

எல்லைச் சாலைகள் பொறியியல் பணியிலிருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94-ஆம் ஆண்டில் 'நன்று' என எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' தேவைப்பட்டது. பாராட்டே தடைக்கல்லாயிற்று, அதுவும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. எக்குறிப்பாயினும் உரியவருக்குத் தெரிவித்து, முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 2009-இல் மத்திய அரசு, முழு அறிக்கையையும் ஊழியருக்குத் தெரிவிக்குமாறு ஆணையிட்டது.

இது அலுவலகச் சுவருக்குள் அடங்கும் செய்தியன்று. விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நாம், சிவகாசிப் பட்டாசு ஆலைகளைச் சோதிக்க வரும் மத்திய வெடிபொருள் அலுவலரை எண்ணிப் பார்ப்போம். ஓர் அறையில் அளவுக்கு மீறி மருந்து இருந்தால் அவர் அஞ்சாது எழுத வேண்டும். மறைவில் விழும் ஒரு சொல் தம் எதிர்காலத்தைக் கெடுக்குமென அஞ்சினால் அவர் பேனா தயங்கும். அத்தயக்கத்தின் விலையைத் தருவோர் அவ்வறையில் அமர்ந்திருக்கும் தொழிலாளரே.

ஊழியரின் ஏடு திறந்திருப்பது அவருக்கு மட்டுமன்று, நமக்கும் காவல்.