கம்ப்யூட்டர் ஒரு ஆளா இருந்த காலம்

ஆலன் டூரிங் 1936ல எழுதின புகழ்பெற்ற கட்டுரையை இப்போ படிச்சா ஒரு இடத்துல கண்டிப்பா குழம்புவீங்க. அதுல 'கம்ப்யூட்டர்'னா காகிதம் வெச்சுக்கிட்டு கணக்குப் போடுற மனுஷர். இயந்திரத்தை அவர் 'மெஷின்'னுதான் சொல்றார். ஏன்னா அப்போ கம்ப்யூட்டர்ங்கிறது ஒரு வேலையோட பேர், நம்ம ஊர்ல கணக்குப்பிள்ளை மாதிரி. (தமிழ் இந்த விஷயத்துல தெளிவு. நாள் கணிக்கிற ஆள் கணியன், இயந்திரம் கணினி.)

இந்த வேலை பெரிய அளவுல நடந்த இடம் பிரிட்டனோட 'நாட்டிகல் அல்மனாக்'. நடுக்கடல்ல தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, நிலா எந்த நேரத்துல எங்கே இருக்கும்னு முன்கூட்டியே கணிச்ச அட்டவணை வேணும். 1767ஆம் ஆண்டுக்கான முதல் பதிப்பை நெவில் மாஸ்கலைன் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர்கள் அவங்கவங்க வீட்லயே கணக்குப் போட்டாங்க, அதாவது வொர்க் ஃப்ரம் ஹோம்! ரெண்டு பேர் தனித்தனியா போட்டதை மூணாவது ஆள் சரிபார்ப்பார். ஒருமுறை ரெண்டு பேர் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினது தெரிஞ்சு, வேலையே போயிடுச்சு. கோட் ரிவ்யூவுல கண்ணை மூடிக்கிட்டு அப்ரூவ் பண்றவங்க கவனிக்கவும்.

லட்லோ ஊர்ல ஜான் எட்வர்ட்ஸ்னு ஒரு பாதிரியார் பேர்லயும் இந்தக் கணக்குகள் போய்க்கிட்டிருந்தன. சம்பளமும் அவர் பேர்லதான். 1784ல அவர் இறந்தப்பதான் விஷயம் வெளியே வந்தது: கணக்கில் பெரும்பகுதியைப் போட்டது அவர் மனைவி மேரி எட்வர்ட்ஸ். குடும்பத்தைக் காப்பாத்த அந்த வருமானம் அவங்களுக்குத் தேவைப்பட்டது. மாஸ்கலைன் தொடர்ந்து வேலை கொடுத்தார், அந்த வகையில அவரை எனக்குப் பிடிக்கும். மேரிக்குப் பிறகு மகள் எலைசா அதே வேலையைச் செஞ்சாங்க. 1830களோட தொடக்கத்துல எல்லாத்தையும் லண்டன் அலுவலகத்துக்குள்ள கொண்டுபோனாங்க. அரசு வேலையில பெண்களுக்கு இடமில்லை. அரை நூற்றாண்டு அனுபவம் இருந்த ஒரு வீட்டுக்கு அதோட கதவு மூடிடுச்சு.

இந்தியாவுலயும் இந்தப் பதவி இருந்தது. 1802ல சென்னையில் பரங்கிமலைப் பக்கம் தொடங்கின அதே நில அளவைத் துறையில, 1831ல கல்கத்தாவுல ராதாநாத் சிக்தார் கம்ப்யூட்டரா சேர்ந்தார். பின்னாடி தலைமை கம்ப்யூட்டர் ஆனார். 'சிகரம் 15' உலகத்துலயே உயரம்னு காட்டின கணக்குல அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1865ல அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட்னு பேர் வெச்சாங்க. அந்த எவரெஸ்ட் 1843லயே ஓய்வு பெற்றுப் போனவர்.

அப்புறம் அமெரிக்கா, இரண்டாம் உலகப்போர். பீரங்கிக் குண்டோட பாதையைக் கையால கணக்கிட்ட பெண்களுக்கும் பதவிப் பேர் கம்ப்யூட்டர்தான். அவங்கள்ல ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து எனியாக் இயந்திரத்துக்கு புரோகிராம் எழுத வெச்சாங்க. 1946 பிப்ரவரியில அதை உலகத்துக்குக் காட்டினப்போ, அந்த டெமோவுக்கான புரோகிராமைத் தயார் பண்ணது ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். அன்னைக்கு ராத்திரி நடந்த விருந்துக்கு அவங்களை யாரும் கூப்பிடலை.