திருமுழுக்கு ஏட்டில் தாத்தாவின் பெயர்



யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஆலயம் எழுந்த வரலாற்றையும், இங்கு பணியாற்றிய குருக்களின் வரிசையையும் வேறு பக்கங்களில் காண்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கும் திருமுழுக்குப் பதிவேடுகளை. நம் குடும்பங்களின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. அதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த பின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வந்தனர். குழந்தையின் தந்தை வெளியூரில் வேலை பார்ப்பவர். அழைக்கும் பெயர் ஒன்றை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அதோடு காலஞ்சென்ற தாத்தாவின் பெயரை நடுப் பெயராகச் சேர்க்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே மனதாயிருந்தனர். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் தகராறு. தந்தை, “ஜோசப் என்று எழுதுங்கள், எந்த ஊரிலும் புரியும்” என்றார். தாய், “விவிலியத்தில் யோசேப்பு என்றுதானே இருக்கிறது?” என்றார். தாத்தாவோ ஊரறிய சூசை. கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர்.

மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், “நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. கணவர் பெயரைச் சொல்லாத தலைமுறை அல்லவா! சுவரில் இருந்த சூசையப்பர் படத்தைக் கையால் காட்டினார். “அவர் பெயர்தான் அம்மா, அதை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “எங்க மாமியா அவுகள எப்படிக் கூப்பிட்டாகளோ, அப்படியே எழுதிருங்க சாமி” என்றார்.

அன்று அந்தக் குடும்பத்தாருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சூசை, யோசேப்பு, ஜோசப் ஆகிய மூன்றும் ஒரே புனிதரின் பெயர்தான். ஆனால் அவை நம்மிடம் வந்து சேர்ந்த வழிகள் வேறு. 1542ஆம் ஆண்டில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த காலத்தில், நம் கடற்கரையில் கிறிஸ்தவப் பெயர்கள் போர்த்துக்கீசிய ஒலியில் வழங்கின. அம்மொழியில் ‘ஜோசே’ என்ற பெயர் தமிழ் நாவில் சூசை ஆயிற்று. ‘சந்தியாகோ’ சந்தியாகு ஆயிற்று. ‘பெர்னாந்தோ’ என்ற பெயர் பர்னாந்து ஆயிற்று. சவேரியார் என்ற பெயரும் அவ்வாறு வந்ததே. அதிலிருந்து சவேரிமுத்து, சவரிமுத்து, சவரியம்மாள் என்று எத்தனை பெயர்கள்! என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1586இல் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சேற்றினார். வேற்று நாட்டுப் புனிதர்களின் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி அன்றே அச்சுக்கூடத்தில் எழுந்துவிட்டது.

யோசேப்பு என்பது வேறு வழியாக வந்தது. எபிரேய, கிரேக்க மூலத்தின் ஒலியைத் தழுவிய வடிவம் அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட காலந்தொட்டு, சீர்திருத்த சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இத்தகைய வடிவங்கள் வேரூன்றின. 1995இல் எல்லாச் சபையாருக்கும் பொதுவாகத் திருவிவிலியம் வெளிவந்தபோது நாமும் அவற்றை ஏற்றுக்கொண்டோம். அருளப்பர் நற்செய்தி என்று கேட்டு வளர்ந்த நாம் யோவான் நற்செய்தி என்று கேட்கத் தொடங்கினோம். இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். ஜோசப் என்பதோ ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது.

ஆண்டவருடைய திருப்பெயரையே பாருங்கள். சேசு, ஏசு, யேசு, இயேசு என்று நாம் எழுதியிருக்கிறோம். இன்று வழிபாட்டில் இயேசு என்கிறோம். ஆனால் சேசுராஜ் என்று பெயர் பெற்றவர் சேசுராஜாகவே இருக்கிறார். ஆகவே ஒன்று சரி, மற்றவை பிழை என்று சொல்ல இடமில்லை.

ஒலியைப் பின்பற்றாமல் பொருளை எடுத்துக்கொண்டதும் உண்டு. யோவான் என்ற பெயருக்கு ‘ஆண்டவர் அருள் கூர்ந்தார்’ என்பது பொருள், எனவே அருளப்பர். பவுல் என்றால் சிறியவர், எனவே சின்னப்பர். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் தென்பகுதியின் மறைசாட்சி. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். ‘கடவுள் உதவி செய்தார்’ என்பது அதன் பொருள். அதையே தமிழாக்கி தேவசகாயம் என்றனர். ஏழாண்டுகூட நிறைவதற்குள், 1752 சனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டு, தேவசகாயம் என்றே அறிவித்தது. பெயரில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே, எதை விடுவது என்பதும் ஆழ்ந்து எண்ணவேண்டிய காரியம். திருமுழுக்குத் தொட்டியில் சாதிக்கு இடமில்லை, ஏட்டிலும் வேண்டாம்.

தேவசகாயம் என்று எழுதும்போது இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அவர் நம் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி அடிகளார் அவர். கொன்ஸ்தான்சோ என்பது உறுதியைக் குறிக்கும் பெயர். அதனால் முதலில் தைரியநாதர் என்று பெயர் கொண்டார். பின்னாளில் வீரமாமுனிவர் என்று புகழ்பெற்றார். தம் பெயரையே இரண்டு முறை தமிழாக்கக் கண்ட அப்பெருமகன், நம் எழுத்துக்கும் ஓர் உதவி செய்தார். அதற்கு முன் எ, ஒ என்ற குறில்களுக்கு மேல் புள்ளி இட வேண்டும்; புள்ளி இல்லையென்றால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். ‘தெ’ எது, ‘தே’ எது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். இன்று நாம் ‘தே’ என்று எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பை நெடிலுக்கெனத் தனியே வகுத்தவர் அவரே. ஒரு சிறு சுழி, ஒரு பெயரைச் சந்தேகமின்றி வாசிக்க வைக்கிறது. எழுத்துக்கூட்டுவது அற்பக் காரியம் அல்ல என்பதற்கு நம் கரிசல் மண்ணில் நடமாடிய அவரே சாட்சி.

இனி நம் ஏடுகளுக்கு வருவோம். 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பங்குக் குரு ஏட்டில் எழுத வேண்டும் என்று கட்டளையிட்டது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், திருமுழுக்குப் பெற்றவர், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியோரின் பெயர்களைக் கவனமாகவும் காலந்தாழ்த்தாமலும் பதியச் சொல்கிறது. ஆயினும் மனிதக் கை எழுதியது அல்லவா? ஒரே வீட்டில் அண்ணன் சவேரிமுத்து, தம்பி மகன் சவரிமுத்து. அந்தோணி ஒரு பக்கம், அந்தோனி மறு பக்கம். இராயப்பனை ‘இ’ வரிசையில் தேடினால் ‘ர’ வரிசையில் இருப்பார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் படித்த பிள்ளைகளுக்கு, ஞானாபரணம் என்ற பெயரில் பழைய ‘னா’ எழுத்தைக் கண்டால் வாசிக்கவே வராது.

இதனால் வரும் துன்பம் சிறிதன்று. திருமண ஓலைக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவரின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், நம் ஏட்டில் ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது சூசை என்ற இரண்டெழுத்தே மூன்று விதமாகிவிடுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. பெயர் இல்லாமல் பதிந்த பிறப்புக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது: எழுத்தை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்கு ஏட்டிலும் அதே எழுத்து இருக்கட்டும்.

எதைத் தேர்ந்துகொள்வது? லூக்கா நற்செய்தியில், எலிசபெத்தின் குழந்தைக்குத் தகப்பன் பெயரான செக்கரியா என்பதையே இடவேண்டும் என்று உற்றார் வற்புறுத்தினர். பேச்சிழந்திருந்த தந்தை ஒரு பலகை கேட்டு, யோவான் என்று எழுதிக் காட்டினார். குடும்பப் பெயர்தான் வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவரை நினைத்துத்தான் பெயரிடுகிறோம் என்றால், அவர் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாரோ அந்தப் பெயரை இடுவதே முறை. பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். சூசையை ஜோசப் என்று எழுதினால் புனிதர் அதே புனிதர்தான். ஆனால் நாளை தன் தாத்தாவைத் தேடி இந்த ஏட்டைப் புரட்டும் பேரன் அவரைக் கண்டுகொள்வானா?

அந்தக் குடும்பத்தார் சற்று நேரம் பேசாமல் இருந்தனர். பின் தந்தை, “அம்மா சொன்னபடியே எழுதுங்கள், சாமி” என்றார். தாத்தாவின் திருமுழுக்குப் பதிவைத் தேடி எடுத்தேன். மங்கிய மையில் ‘சூசை’ என்று இருந்தது. அதைப் பார்த்து, எழுத்து மாறாமல், புதிய ஏட்டில் எழுதினேன். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. எழுதிய இடத்தைக் காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார். பேரனை அந்தப் பெயரால் அவர் ஒருநாளும் அழைக்கப் போவதில்லை. ‘அய்யா’ என்றுதான் கூப்பிடுவார். அதற்காகத்தானே அழைக்கும் பெயர் ஒன்று தனியாக இருக்கிறது!

இந்த யூபிலி ஆண்டில் உங்கள் முன்னோரின் பெயர்களை ஒருமுறை வந்து பாருங்கள். அலுவலகக் கதவு திறந்திருக்கும். நம் பெயர்களை அறிந்து அழைக்கும் நல்லாயன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

இறைபணியில்,
உங்கள் பங்குத்தந்தை