பூட்டில்லா எழுத்து

தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்தன. அம்பத்தூர்க் கணினியொன்றில் கோத்த கவிதை, அவ்வெழுத்துரு இல்லாத ஆவடிக் கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எழுத்துருக்களுள் பல விலைப்பொருள்கள்; வாங்க இயலாக் கவிஞனுக்குத் தன் வரியும் அயல்மொழியாயிற்று.

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை விலையின்றி வழங்கினார். 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழரும் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். பின்னாளில் அந்நூல்கள் கணினிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறிக்கு மாறின.

விலையின்மை வேறு, விடுதலை வேறு. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் வலியுறுத்துவது, படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமையை. பழந்தமிழ் ஏடுகள் பிழைத்ததும் படியெடுத்தோர் கைகளால்தான். பூட்டிய குறியீட்டில் உறங்கும் கவிதைக்கு அக்கைகள் எட்டா.