போர்ட்டோ அலெக்ரேயின் மக்கள் பட்ஜெட்

நகராட்சியின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைக் குடியிருப்பவர்களே கூடி முடிவு செய்யும் முறை, தென் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் உருவெடுத்தது. கோரிக்கை அதைவிடப் பழையது. 1964 முதல் 1985 வரை நீடித்த ராணுவ ஆட்சி தளர்ந்த காலத்திலேயே குடியிருப்போர் சங்கங்கள் பட்ஜெட்டில் பங்கு கேட்கத் தொடங்கியிருந்தன. 1988ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நகராட்சிகளின் வருவாயைப் பெருக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்று, வங்கி ஊழியர் சங்கத் தலைவராக இருந்த ஒலிவியோ டுட்ரா மேயரானார்.

தொடக்கம் சோபிக்கவில்லை. வருவாயில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போயிற்று. மக்கள் கேட்ட சாலையும் சாக்கடையும் காகிதத்தில் நின்றன. 1990இல் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. நிலைமையை மாற்றியது பிரசாரம் அல்ல, வரி. வசதி படைத்தவர்கள் கூடுதலாகக் கட்டும்படி சொத்து வரி திருத்தப்பட்டது. கையில் பணம் வந்து வேலைகள் நடக்கத் தொடங்கியதும் கூட்டமும் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்களோ அதைப் பொறுத்தே வட்டாரத்தின் பிரதிநிதிகள் எண்ணிக்கை அமைந்ததால், ஆள் திரட்டுவதில் சங்கங்கள் மும்முரமாயின. எந்த வேலை முதலில் என்பதை வட்டாரமே வரிசைப்படுத்தியது. நிதி பங்கிடப்பட்டதோ மதிப்பெண் கணக்கில்: கேட்ட வசதி வட்டாரத்தில் எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, வட்டாரம் அதற்குத் தந்த இடம் என்ன. மண்சாலை மிகுந்த பகுதி தார்ச்சாலையை முதலிடத்தில் வைத்தால் மதிப்பெண் ஏறும். நல்ல சாலை உள்ள பகுதி எவ்வளவு குரல் கொடுத்தாலும் பின்வரிசைதான். சிபாரிசுக்கு மவுசு குறைந்தது இந்தக் கணக்கால்தான். வட்டாரத்துக்கு இருவர் வீதம் சேர்ந்த பட்ஜெட் குழு ஒதுக்கீட்டைப் பரிசீலித்ததுடன், ஆண்டுதோறும் விதிகளையும் திருத்தியது. 1994இல் போக்குவரத்து, சுகாதாரம் முதலிய பொருள்களுக்குத் தனிக் கூட்டங்கள் வந்தன. சட்டப்படியான இறுதி ஒப்புதல் மட்டும் மாநகர மன்றத்திடமே இருந்தது.

1996இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐ.நா. குடியிருப்பு மாநாட்டில் இம்முறை பாராட்டுப் பெற்றது. பின்னர் புனே, நியூயார்க், பாரிஸ் எனப் பல நகரங்கள் இதைப் பின்பற்றின. ஆனால் பெரும்பாலும் மக்கள் கைக்கு வந்தது பட்ஜெட்டில் சிறு துண்டுதான். போர்ட்டோ அலெக்ரேயிலேயே 2004இல் தொழிலாளர் கட்சி தோற்றபின் கூட்டங்கள் தொடர்ந்தன, ஒப்புக்கொண்ட பணிகள் தேங்கின. 2017இல் மாநகராட்சி இம்முறையை நிறுத்திவைத்தது.