முழுமையும் உறுப்பும்: கிரேக்கர் கண்ட சிக்கல்

யானையையும் பெரியது என்கிறோம், மலையையும் பெரியது என்கிறோம். இரண்டுக்கும் பொதுவான அந்தப் பெரிய தன்மை எங்கே இருக்கிறது? சும்மா கேட்ட கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் கிரேக்க ஞானிகள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பொதுமைகள் தனியே நிலைத்து நிற்கின்றன, உலகப் பொருள்கள் அவற்றில் பங்கு பெறுகின்றன என்பது பிளேட்டோவின் (கி.மு. 427–347) கொள்கை. 'பார்மெனிடீஸ்' என்ற தம் நூலில் அவரே இதை இளைஞர் சாக்ரடீசின் வாயில் வைத்து, குறுக்கு விசாரணையை 65 வயதுப் பார்மெனிடீசிடம் கொடுத்துவிடுகிறார். பங்கு என்றால் முழுசாகவா, துண்டாகவா என்று பெரியவர் கேட்கிறார். முழுசு என்றால் ஒன்றே பல இடத்தில் இருந்து, தன்னிடமிருந்தே பிரிந்துபோகும். பகல் பொழுது பல ஊரில் ஒன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் இளைஞர். பெரியவர் விடவில்லை. பகலை ஒதுக்கிவிட்டுக் கப்பல் பாயை எடுக்கிறார். பலர் தலைக்குமேல் ஒரே பாயை விரித்தால், ஒவ்வொரு தலைமேலும் ஒரு துண்டுதானே இருக்கும்? அப்படியானால் பெரிய தன்மையின் சின்னத் துண்டினால் ஒரு பொருள் பெரியதாகிறது என்று ஆகிவிடும்! அதற்காகப் பொதுமையே கிடையாது என்று தள்ளினால் வாதமே நடக்காது என்றும் அதே பெரியவர் சொல்கிறார். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் இந்த நேர்மை லேசானதல்ல.

பிளேட்டோவின் கழகத்தில் 20 ஆண்டுகள் இருந்தவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). 'மெட்டாபிசிக்ஸ்' 7ஆம் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் எழுத்துகளை உதாரணம் காட்டுகிறார். நம் எழுத்திலேயே பார்ப்போம். ப் + அ சேர்ந்தால் 'ப'; மாற்றி வைத்தால் 'அப்'. எழுத்துகள் அதேதான், அசை வேறாகிவிட்டது. ஆகவே அசையில் எழுத்துகளுக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது. அது மூன்றாவது எழுத்தா? அப்படியென்றால் மூன்றையும் இணைக்க நான்காவது வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. அது உறுப்பல்ல, உறுப்புகளை ஒன்றாக்கும் காரணம், அதாவது வடிவம் என்கிறார். கடையில் கொட்டிவைத்த பருப்பு வெறும் குவியல். அசை குவியல் அல்ல.

சிக்கல் தீர்ந்ததா? இல்லை. அதே புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்தில், பொதுமை எதுவும் தனி இருப்புள்ள மெய்ப்பொருள் ஆகாது என்கிறார். அப்படியானால் அந்த வடிவம் பலருக்கும் பொதுவா, ஒவ்வொன்றுக்கும் தனியா? அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

முழுமை உறுப்புகளிலிருந்து ஒரு வகையில் வேறு, இன்னொரு வகையில் வேறல்ல என்பது நம் சமணத் தருக்கம். இதையும் கிரேக்கத்தையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒரே பக்கம் பார்த்தவனுக்கு விடை கிடைக்காது என்பதை மட்டும் இரு சாராரிடமும் கற்றுக்கொள்ளலாம்.