இறையும் இறையும்

திருக்குறளின் 'நாடு' அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறளில் மன்னனைக் குறிக்கும் 'இறைவன்', வரியைக் குறிக்கும் 'இறை' இரண்டும் அடுத்தடுத்து வரும். ஒரு மாணவி எழுந்தாள். "ராஜாவும் இறை, வரியும் இறை, சாமியும் இறையா மிஸ்?" ஆமாம் என்றேன். கோயிலுக்கு விட்ட வரியில்லா நிலத்தைக் கல்வெட்டுகள் 'இறையிலி' என்பதையும் சொன்னேன். "அப்போ சாமிக்காக ராஜாவுக்கு இறை கட்டாதவங்க?" என்றாள். அவளுக்குச் சாமித்தோப்புப் பக்கம். விடை தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

எங்கள் கோட்டாறிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான் சாமித்தோப்பு. 19ஆம் நூற்றாண்டில் இது திருவிதாங்கூரின் தென்கோடி. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களுக்குத் தலைவரி, பெண்களுக்கு முலைவரி. பனையேறியின் ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி உண்டு. போதாததற்குக் கூலியில்லா ஊழியம். தாலியிலிருந்து சருகுவரை வரி வாங்கிய கொடுமையை அய்யாவழியினரின் அகிலத்திரட்டு அம்மானை பட்டியலிட்டே பாடுகிறது. பனையில் ஏறியவர் ஆண். பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியவள் பெண். ஏணிக்கான வரியிலும் அவள் அடுப்படி உழைப்பு இருந்தது.

முலைவரி என்பது மாரை மறைப்பதற்கான கட்டணம் என்றே இன்று பரவலாகச் சொல்கிறார்கள். தலைவரியின் பெண்பாற்பெயர்தான் அது என்று விளக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு இந்த விளக்கம்தான் கூடுதலாக உறைக்கிறது. ஆணைத் தலையால் எண்ணிய கணக்குப்பிள்ளை, பெண்ணை எதைக் கொண்டு எண்ணினான் என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. மேலாடைத் தடை வேறு, இந்த வரி வேறு. ஆனால் இரண்டும் விழுந்தது ஒரே உடலின் மேல்தான்.

முலைவரி என்றதும் சேர்த்தலையின் நங்கேலியைச் சொல்வோம். வரி கேட்டு வந்தவனுக்குத் தன் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்து இறந்தாள் என்கிறது வாய்மொழிக் கதை. அவளை வணங்குகிறேன். ஆனால் செத்துக் காட்டிய பெண்ணைத்தான் வரலாறு சட்டென்று நினைவில் வைக்கிறது. மறுத்துவிட்டு மறுநாளும் தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருந்தவளை அது தேடுவதில்லை.

அவளைச் சாமித்தோப்பில் தேடலாம். அங்கே 1809இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். மேல்சாதியினரின் எதிர்ப்பால் அது முத்துக்குட்டி ஆயிற்று. 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்ததாக அய்யாவழி மரபு சொல்கிறது. திருவிதாங்கூர் அரசனைக் 'கலிநீசன்' என்றார். தலைப்பாகை கட்டக் கூடாதவர்களைக் கட்டச் சொன்னார். அவனுக்கு வரியும் வேண்டாம், ஊழியமும் வேண்டாம் என்றார். கோயிலுக்குக் காணிக்கை போட வேண்டாம் என்றும் அதே வாயால் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சாமியே இறை கேட்கவில்லை என்றால், கேட்க அரசன் யார்? மனச்சாட்சியின் கணக்கு அவ்வளவு எளியது. 1830களின் இறுதியில் அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். சொந்தச் சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோது அவர் இணங்கவில்லை என்கிறது மரபு.

சில ஆண்டுகள் கழித்து, 1846இல், அமெரிக்காவில் தோரோவும் ஒரு தலைவரியைக் கட்ட மறுத்துச் சிறை போனார். அடிமைமுறையைக் காக்கும் அரசுக்குப் பணம் தரமாட்டேன் என்பது அவர் நியாயம். ஓர் இரவுதான். மறுநாள் வெளியே விட்டுவிட்டார்கள். வரியைக் கட்டியது அவருடைய அத்தையாக இருக்கலாம் என்கிறார்கள். தோரோவின் கட்டுரை உலகெங்கும் பாடமாகியிருக்கிறது. அத்தை ஓர் அடிக்குறிப்பு.

நம் பக்கத்து அத்தைகள் எங்கே? வாகைப்பதிக் கடற்கரையில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்தன. கடலில் குளிப்பது, உடுத்த துணியைத் துவைப்பது, எளிய உணவை உண்பது. இதுவே வழிபாடு. குடும்பங்கள் என்றால் பெண்களும்தான். மேலே துணி போடக் கூடாது, குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள், துணி துவைப்பதையே தவமாகச் செய்தார்கள். மறுபக்கம், சீர்திருத்தச் சபைகளில் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு வர மறுத்தார்கள். அரசுக்குக் கூலியின்றி உழைத்ததன் பெயரான 'ஊழியம்', இன்று எங்கள் ஊர்ச் சபைகளில் கடவுள் பணியின் பெயர். ரவிக்கை போட்ட பெண்களைச் சந்தையிலும் தெருவிலும் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். அவர்கள் மறுநாளும் போட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றொரு வாலைச் சேர்த்தே அறிவித்தது.

தலைப்பாகை இன்று வழிபாட்டின் அடையாளம். பதியில் ஆண்கள் அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார்கள். மேலாடையை யாரும் அடையாளமாக நினைப்பதில்லை. அது அன்றாட உடுப்பாகிவிட்டது. வென்ற போராட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போவது பெண்களுக்குப் புதிதல்ல.

அந்த மாணவிக்கு அன்று முழுவதுமாக விடை சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. இப்போது சொல்கிறேன்: அவர்களுக்குத் தனிப்பெயர் கிடையாது, மகளே. வீட்டுக்குப் போய் உன் ஆச்சியிடம், அவளுடைய ஆச்சியின் பெயரைக் கேட்டு எழுதி வா. அங்கிருந்து தொடங்குவோம்.